அப்பாவின்ர பென்சன் எந்தப் பக்கத்தில் இருக்கு?



போன எபிசோட்டில் நோர்ட்டெல் பற்றிக் கதைத்தோம். 2000ஆம் ஆண்டு கோடையில் பங்கு 120 டொலரைத் தாண்டியது. ரொறன்ரோ பங்குச் சுட்டெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு கொம்பனிதான் என்று இருந்தது. 2009 ஜனவரி 14 அன்று நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது. 2011இல் அதன் பேடண்டுகள் ஏலத்துக்கு வந்தபோது கூகிள் 'பை' எண்ணையே விலையாக்கி 3.14159 பில்லியன் டொலர் கேட்டது; கடைசியில் அப்பிள், மைக்ரோசொப்ட், ரிம், எரிக்சன், சொனி, ஈ.எம்.சி. சேர்ந்த கூட்டணி 4.5 பில்லியனுக்கு எடுத்தது. எபிசோட் அந்த ஏலத்தோடு முடிந்தது. மிச்சத்தை இந்த மடலுக்கென்று வைத்திருந்தோம்: வித்து வந்த காசு ஆருக்குப் போனது?

எல்லாச் சொத்துகளையும் விற்றுச் சேர்ந்தது ஏறக்குறைய 7.3 பில்லியன் அமெரிக்க டொலர். அதைப் பங்குபோட ரொறன்ரோவிலும் டெலவெயரிலும் இருந்த இரண்டு நீதிமன்றங்கள் வீடியோ இணைப்பில் ஒரே நேரத்தில் விசாரணை நடத்தின. 2015இல் தீர்ப்பு வந்தது, 2016 ஒக்டோபரில்தான் சமரசம் வந்தது. இதற்கிடையில் சட்டத்தரணிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் போனது மட்டும் ஒரு பில்லியன் டொலருக்கு மேல். காசுக்காகக் காத்துநின்றவர்களில் கனடா ஓய்வூதியர்கள் இருந்தார்கள். இங்கிலாந்துப் பென்சன் திட்டம் 2.1 பில்லியன் பவுண்ட் கேட்டு நின்றது.

பென்சன் காசு தனி ட்ரஸ்டில்தானே இருக்கும், பிறகு ஏன் வரிசையில் நிற்க வேணும்? நல்ல கேள்வி. ட்ரஸ்டில் இருக்கிற காசைக் கடன்காரர் தொட ஏலாது. ஆனால் 'தருவம்' என்று சொன்ன தொகைக்கும் ட்ரஸ்டில் உண்மையாக இருக்கிற தொகைக்கும் இடையில் துண்டு விழுந்தால், அந்தத் துண்டு கொம்பனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். அந்த நேரத்துச் சட்டப்படி, அடமானம் எதுவும் இல்லாத கடன். அலுவலகத்துக்குக் காகிதம் சப்ளை பண்ணினவர் நிற்கிற அதே வரிசையில்தான் 30 வருசம் வேலை செய்தவரும் நிற்பார்.

அந்தத் துண்டு எவ்வளவு என்பது இரகசியம் இல்லை. பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு கொம்பனியும் அதை வருசா வருசம் நிதிக்கூற்றில் அச்சடிக்கிறது. முன்பக்கத்தில் இல்லை, பின்னால் வருகிற குறிப்புகளில். கனபேர் அதுவரைக்கும் ஸ்க்ரோல் பண்ணுவதில்லை.

இது உங்களுக்கு ஏன்? உங்களில் அநேகம் பேருக்கு வேலைத்தலத்தில் இருப்பது டிஃபைன்ட் கொன்ட்ரிபியூஷன் வகை. நீங்கள் கொஞ்சம் போடுவீர்கள், கொம்பனி கொஞ்சம் போடும், அதோடு அவர்களுடைய கடமை முடிந்தது. சந்தை விழுந்தால் விழுந்தது உங்கட காசு. இந்த வகைக்குக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இந்த வருசம் இவ்வளவு கட்டினோம். (நான் கொன்ட்ராக்ட் வேலை, எனக்கு அந்த ஒரு வரியும் இல்லை.) ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கட அப்பா அம்மாக்களில் பலர் போய்ச் சேர்ந்த தொழிற்சாலை, வங்கி, தொலைபேசிக் கொம்பனிகளில் டிஃபைன்ட் பெனிபிட் இருந்தது: இத்தனை வருசம் வேலை, இவ்வளவு சம்பளம், ஆகவே சாகும்வரை மாதம் இவ்வளவு. அது ஒரு வாக்குறுதி. அதற்குத்தான் குறிப்பில் நாலைந்து பக்கம் ஒதுக்கியிருப்பார்கள்.

அதோடு, வீட்டுக்கு வருகிற இங்கிலிஸ் கடிதத்தை 'இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு' என்று ஆரிடம் நீட்டுவார்கள்? உங்களிடம்தான். 50 வயதில் வேலை போன அப்பாவுக்கு ஒரு கடிதம் வரும்: பென்சனைத் திட்டத்திலேயே விட்டுவைத்துப் பிறகு மாதாமாதம் எடுக்கிறீர்களா, இல்லை மொத்தமாக ஒரு தொகையாக்கிப் பூட்டுப் போட்ட கணக்குக்கு மாற்றுகிறீர்களா? பெட்டியில் ஒரு டிக். பிறகு மாற்ற ஏலாது. திட்டம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த டிக்கைப் போடக் கூடாது.

சரி, குறிப்பைத் திறப்போம். கனடாக் கொம்பனி என்றால் செடார் பிளஸ் தளம், அமெரிக்கக் கொம்பனி என்றால் எட்கர். வருடாந்த நிதிக்கூற்று பி.டி.எஃப்.-ஐ இறக்கி, கன்ட்ரோல்-எஃப் அடித்து 'பென்சன்' என்று தேடுங்கள். முதலில் கொள்கைப் பக்கத்தில் ஒரு பந்தி வரும், அதை விட்டுவிட்டு அட்டவணைகள் உள்ள பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு பெரிய எண்கள். ஒன்று கடப்பாடு, அதாவது இதுவரை கொடுத்த வாக்குறுதிகள் எல்லாவற்றினதும் இன்றைய பெறுமதி. மற்றது திட்டச் சொத்து, அதாவது ட்ரஸ்டில் இருக்கிற காசு. இரண்டுக்கும் இடையிலானது பற்றாக்குறை அல்லது மிகை.

அட்டவணை எப்படி ஓடும் என்றால், கிட் லொக் மாதிரி. வருசத் தொடக்கத்தில் ஒரு நிலை, நடுவில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரி, கடைசியில் புது நிலை. நான் போட்ட ஒரு கற்பனைக் கணக்கு இது, எல்லாம் மில்லியன் டொலரில்:

கடப்பாடு தொடக்கத்தில் 500. இந்த வருசம் வேலை செய்ததால் புதிதாகச் சேர்ந்த வாக்குறுதி 10. ஒரு வருசம் நெருங்கியதால் ஏறிய வட்டி 25. ஓய்வூதியர்களுக்குக் கொடுத்தது 30, அது கழியும். எடுகோள்கள் மாறியதால் குறைந்தது 60. முடிவில் 445.

சொத்து தொடக்கத்தில் 450. வட்டிக் கணக்கில் சேர்ந்தது 22. சந்தை அதற்கும் கீழே போனதால் இழந்தது 50. கொம்பனி கட்டியது 8. ஓய்வூதியர்களுக்குப் போனது 30. முடிவில் 400.

பற்றாக்குறை 50இலிருந்து 45 ஆகிவிட்டது. தலைமை அதிகாரி பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தில் 'எமது பென்சன் நிலை மேம்பட்டுள்ளது' என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் வரி வரியாகப் பாருங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு 100 டொலர் வாக்குறுதிக்கும் 90 டொலர் இருந்தது. முடிவிலும் 90 டொலருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. ஒன்றும் மேம்படவில்லை. புதிதாக 10 மில்லியன் வாக்குக் கொடுத்தார்கள், கட்டியது 8. பழைய துண்டை அடைக்க ஒரு சதமும் போகவில்லை. 5 மில்லியன் 'முன்னேற்றம்' முழுக்க அந்த 60 என்ற ஒரு வரியிலிருந்து வந்தது. 2022 மாதிரியான ஒரு வருசத்தில், வட்டி வீதம் ஏறிப் பங்கும் கடன்பத்திரமும் சேர்ந்து விழுந்தபோது, இப்படியான அட்டவணைகள் நிறைய வந்தன.

அந்த 60 எங்கிருந்து வந்தது? இதுதான் முழு விசயத்தின் இதயம், கொஞ்சம் மெதுவாகப் போவம்.

எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர ஒரு கழிவு வீதம் வேணும். சர்வதேச விதியான ஐ.ஏ.எஸ். 19, உயர்தரக் கொம்பனிக் கடன்பத்திரங்களின் வருவாய் வீதத்தை எடுக்கச் சொல்கிறது. இன்று 40 வயதான ஒருவருக்கு 60 வயதிலிருந்து 20 வருசம், வருசத்துக்கு 18,000 டொலர், அதாவது மாதம் 1,500 தருவதாக வாக்கு என்று வையுங்கள். 5% வீதத்தில் அதன் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 84,500 டொலர். 4% என்றால் 1,11,600. 3% என்றால் 1,48,000. ஆளும் அதே ஆள், வாக்கும் அதே வாக்கு. எக்செல்லில் ஒரு செல்லை மாற்றினதுக்குக் கடன் முக்கால் மடங்கு கூடிவிட்டது. நீங்களே ஒரு ஷீட் திறந்து போட்டுப் பாருங்கள், பத்து நிமிச வேலை, ஆனால் நான் இங்கே எழுதுகிற எதையும்விட அது நல்லாய் விளங்கப்படுத்தும்.

ஏற்கெனவே பென்சன் எடுப்பவருக்கு இந்த ஆட்டம் குறைவு. அவருக்குக் காசு இப்போதே போகிறது, தூரம் கிட்ட. அதனால் குறிப்பில் 'கடப்பாட்டின் சராசரிக் காலம்' என்று ஒரு எண் தருவார்கள். அது 13 வருசம் என்றால், வீதம் 1% இறங்கக் கடப்பாடு ஏறக்குறைய 13% ஏறும் என்று எடுக்கலாம். அதோடு உணர்திறன் அட்டவணை ஒன்றும் இருக்கும்: வீதம் இவ்வளவு மாறினால் கடப்பாடு இவ்வளவு மாறும் என்று கொம்பனியே சொல்ல வேணும். என்னைக் கேட்டால் முழுக் குறிப்பிலும் நேர்மையான அட்டவணை அதுதான். எங்கட கற்பனைக் கொம்பனியில் வீதம் 1% இறங்கினால் கடப்பாடு 60 ஏறும். பற்றாக்குறை 45இலிருந்து 105.

ஒரு நிமிசம். அப்படி இறங்கினால் ட்ரஸ்டில் இருக்கிற கடன்பத்திரங்களின் விலையும் ஏறுமே? ஏறும். ஆகவே அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சொத்துப் பிரிப்பு. ட்ரஸ்டில் பெரும்பகுதி நீண்டகாலக் கடன்பத்திரம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கும், பற்றாக்குறை அவ்வளவு ஆடாது. பெரும்பகுதி பங்கும் கட்டடங்களும் என்றால் இரண்டு பக்கமும் வேறு வேறு தாளத்துக்கு ஆடுகின்றன. சந்தை விலை இல்லாத சொத்து எவ்வளவு என்றும் அங்கேயே பிரித்துச் சொல்லியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

மற்ற எடுகோள்களில் ஆயுள் முக்கியம். கனடாவில் பெரும்பாலும் ஆக்சுவரிகள் சங்கத்தின் 2014 அட்டவணையின் பெயர் வரும். சம்பள உயர்வு, விலைவாசி எல்லாம் வரும். பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்போது லாபக் கணக்கில் இது எங்கே தெரியும்? அங்கேதான் சிக்கல். புது வாக்குறுதியின் செலவும், பற்றாக்குறை மீதான வட்டியும் மட்டும்தான் லாபத்தைத் தொடும். அந்த 60ம் அந்த 50ம் லாபக் கணக்குக்குக் கீழே தனிப் பகுதிக்குப் போய்விடும். பங்கொன்றுக்கான லாபத்தை மட்டும் பார்க்கிற ஆளுக்கு அது கண்ணில் படாது. அமெரிக்க விதிகளில் இன்னொரு வித்தியாசம்: ட்ரஸ்ட் காசு நீண்டகாலத்தில் எவ்வளவு உழைக்கும் என்று நிர்வாகமே எதிர்பார்ப்பு வீதம் ஒன்றை வைத்து, அதைச் செலவிலிருந்து கழிக்கலாம். சர்வதேச விதியில் 2013 முதல் அது இல்லை, சொத்துக்கும் அதே கழிவு வீதம்தான். இரண்டு நாட்டுக் கொம்பனிகளை ஒப்பிடும்போது ஞாபகம் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். 2022 மூன்றாம் காலாண்டில் ஐ.பி.எம். 3.2 பில்லியன் டொலர் நட்டம் காட்டியது. கொம்பனி கவிழவில்லை. 16 பில்லியன் அளவான பென்சன் கடப்பாட்டை அதற்குரிய சொத்துகளோடு புரூடென்ஷியல், மெட்லைஃப் என்ற இரண்டு காப்புறுதிக் கொம்பனிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை அந்தத் தனிப் பகுதியில் காத்திருந்த பழைய இழப்புகள் 5.9 பில்லியன் செலவாக ஒரே தரத்தில் லாபக் கணக்குக்குள் வந்தன. கொம்பனியிலிருந்து அதற்காக ஒரு டொலர்கூட வெளியே போகவில்லை. தலைப்பைப் பார்த்துப் பங்கை வித்தவர் குறிப்பைப் பார்க்காதவர்.

அடுத்த அட்டவணையைக் கனபேர் தாண்டிப் போவார்கள், தாண்டாதீர்கள். ஓய்வுக்குப் பின் மருத்துவம், பல், ஆயுள் காப்புறுதி போன்ற 'ஏனைய பலன்கள்'. பென்சனுக்குச் சட்டப்படி ட்ரஸ்டில் காசு ஒதுக்க வேணும். இதற்குப் பொதுவாக ஒதுக்குவதில்லை. கடப்பாடு 80 என்றால் சொத்து என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். கொம்பனி இருக்கும்வரை காசு வரும், கொம்பனி போனால் அதுவும் போகும். நோர்ட்டெலில் நீண்டகால நோயால் வேலை செய்ய முடியாமல் இருந்தவர்களின் மாதக் கொடுப்பனவு 2010 டிசம்பர் 31 உடன் நின்றது. அது காப்புறுதிக் கொம்பனி தருகிற காசு இல்லை, நோர்ட்டெலே கட்டிவந்தது. மருந்தை நிறுத்த முடியாத ஆட்களுக்கு அந்தச் சிறு கோடு என்ன என்று அந்த வருசம்தான் தெரிந்தது.

பிறகு காசோட்டக் கூற்றுக்குத் திரும்புங்கள். பென்சனுக்குக் கட்டியது எவ்வளவு, பங்குதாரருக்குப் பங்கிலாபமாகப் போனது எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சியர்ஸ் கனடா 2013 கடைசியில் 509 மில்லியன் டொலரைச் சிறப்புப் பங்கிலாபமாகக் கொடுத்தது. 2017 ஜூனில் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனபோது பென்சன் துண்டு சுமார் 260 மில்லியன். கூட்டல் கழித்தல் தெரிந்த ஆருக்கும் விளங்குகிற கணக்கு.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. சி-228 என்ற சட்டமூலம் 2023 ஏப்ரல் 27 அன்று நிறைவேறி, ஏற்கெனவே இருந்த திட்டங்களுக்கு 2027 ஏப்ரல் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன்பிறகு கொம்பனி முறிந்தால் பென்சன் பற்றாக்குறை அடமானக் கடன்காரருக்கும் முன்னால் நிற்கும். நல்ல விசயம். ஆனால் இது பென்சனுக்கு மட்டும், அந்தச் சிறு கோட்டுப் பலன்களுக்கு இல்லை. முன்வரிசையில் நின்றாலும் பெட்டியில் ஏதாவது மிஞ்சியிருக்க வேணும். ஒன்ராறியோவில் பென்சன் உத்தரவாத நிதி ஒன்றும் உண்டு. நோர்ட்டெல் காலத்தில் மாதம் 1,000 டொலர் வரைக்கும் மூடியது, 2018இல் அதை 1,500 ஆக்கினார்கள். வேறு எந்த மாகாணத்திலும் அப்படி ஒன்று இல்லை, ஆகவே அப்பா மொன்றியல் கிளையில் வேலை செய்தாரா பிரம்ரனில் செய்தாரா என்பதும் கணக்கில் வரும்.

ஒன்றைக் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேணும். நிதிக்கூற்றில் உள்ள பற்றாக்குறை முதலீட்டாளருக்காகப் போட்ட கணக்கு. திட்டம் நாளைக்கே மூடப்பட்டால் போதுமா என்பது வேறு கணக்கு, அதை ஆக்சுவரி தனியாகச் செய்து, ஆகக் குறைந்தது மூன்று வருசத்துக்கு ஒருமுறை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் கொடுக்க வேணும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. ஒன்ராறியோவில் 2018 மே முதல், மூடும் கணக்கில் 85%க்குக் கீழே போனால்தான் அதற்காகக் கூடுதல் காசு கட்டக் கட்டாயம். ஆகவே கொம்பனி சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டே 88%இல் நிற்கலாம்.

அப்பாவுக்கு வருசத்துக்கு ஒருமுறை வருகிற பென்சன் கடிதத்தில் 'ட்ரான்ஸ்ஃபர் ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். மூடும் கணக்குக்கு மிகக் கிட்ட வருகிற எண் அதுதான். அது 0.85 என்றால், மொத்தத் தொகையாக எடுக்கிறவருக்குப் பொதுவாக முதலில் 85%தான் மாறும், மிச்சம் ஐந்து வருசத்துக்குள் வரும். டிக் போடுமுன் அந்த எண்ணையும், கொம்பனியின் குறிப்பில் 'வருகிற வருசம் கட்ட எதிர்பார்ப்பது' என்ற வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது வாக்குறுதிச் செலவைவிட அது கூட இருந்தால் துண்டை அடைக்கிறார்கள். குறைவாக இருந்தால், மிகை இருக்கிறதா அல்லது தள்ளிப்போடுகிறார்களா என்று கேட்க வேணும். உடல்நிலை, அம்மாவின் வயது, வேறு சேமிப்பு எல்லாம் அந்த முடிவில் வரும். அதற்குக் கட்டணம் மட்டும் வாங்குகிற, எதையும் விற்காத ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் போய் இருப்பது வீண்செலவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் வேலை என்றால் இந்த முழுத் தேடலும் வேறு இடத்தில். ஆஸ்பத்திரியின் நிதிக்கூற்றில் ஒரு பந்திதான் இருக்கும், ஏனெண்டால் பல முதலாளிகள் சேர்ந்த திட்டம் அது. ஹூப்பின் சொந்த வருடாந்த அறிக்கையைத் திறக்க வேணும். நகரசபை வேலை என்றால் ஓமர்ஸ். பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கொம்பனி என்றால் நிதிக்கூற்றே கிடைக்காது. ஆனாலும் ஒன்ராறியோச் சட்டப்படி திட்ட உறுப்பினருக்கு ஆக்சுவரி அறிக்கையைப் பார்க்கிற உரிமை இருக்கு. திட்ட நிர்வாகிக்கு எழுத்தில் கேட்டால் போதும், அப்பாவின் கையெழுத்தோடு நீங்கள் எழுதி அனுப்பலாம்.

அடுத்த மடலில் குறிப்பு வாசிப்பையே தொடர்வோம்: பங்காகச் சம்பளம் தருகிற கொம்பனிகள் அந்தச் செலவை எங்கே வைக்கின்றன என்று. வேலை ஒஃபர் லெட்டர் கையில் வைத்திருக்கிறவர்கள் அதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்தால் நல்லது.